ஒரே பட்டியல், ஐந்து நூலகங்கள்

“சார், ‘தீபம்’ 1972 ஏப்ரல் உங்ககிட்ட இருக்குங்களா?”

“இருக்குங்க மேடம். மேலட்டை மட்டும் இல்லை.”

நூலகர்களின் வாட்ஸ்அப் குழுவில் இப்படி ஒரு கேள்வி விழும். சற்று நேரத்தில் பதிலும் வந்துவிடும். கேட்டு வந்த ஆய்வு மாணவருக்கு வேலை முடிந்தது. சில மாதம் கழித்து வேறொருவர் அதே இதழைத் தேடி வருவார். அந்தப் பதில் அதற்குள் காலை வணக்கங்களுக்கும் பணி ஓய்வு வாழ்த்துகளுக்கும் அடியில் போயிருக்கும். திரும்பவும் கேட்க வேண்டும், திரும்பவும் ஒருவர் எழுந்து போய் அடுக்கைப் பார்க்க வேண்டும். வாட்ஸ்அப் விசாரிக்க நல்ல இடம், பதிவு வைக்க உதவாது. அந்தப் பதிலை ஒருமுறை எழுதினால் எல்லோருக்கும் எப்போதும் கிடைக்கும்படி செய்வது எப்படி என்பதுதான் இந்த அத்தியாயம்.

பலர் சேர்ந்து ஒரே பட்டியலை உருவாக்குவது நம் தொழிலுக்குப் புதிதல்ல. அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகம் தான் அச்சிட்ட பட்டியல் அட்டைகளை 1901-லேயே மற்ற நூலகங்களுக்கு விற்கத் தொடங்கியது. 1971 ஆகஸ்டில் ஓஹையோ பல்கலைக்கழக நூலகம் ஓசிஎல்சி அமைப்பின் கணினியில் தொலைவிலிருந்தே நூல்களைப் பட்டியலிட்டது. ஒரு நூலகம் எழுதிய பதிவை இன்னொன்று அப்படியே எடுத்துக்கொள்ள வழி பிறந்தது. அன்று அதற்குத் தனிக் கணினியும் தனித் தொலைபேசித் தடமும் வேண்டியிருந்தன. இன்று ஊர்ப்புற நூலகர் கையிலிருக்கும் செல்பேசி போதும். கருவிக்குப் பஞ்சமில்லாத காலத்தில் எதை எடுப்பது, எந்த வேலைக்கு எடுப்பது என்பதில்தான் தடுமாற்றம்.

பயிற்சி வகுப்புகளில் பெரும்பாலும் கருவியைத்தான் முதலில் காட்டுகிறார்கள். பேட்லெட், டிரெல்லோ, ஜூம் என்று ஒரு நாளில் பத்துப் பெயர் காதில் விழும். திரும்பி வந்து திங்கட்கிழமை நூலகத்தைத் திறந்தால் எதை எங்கே பொருத்துவது என்று தெரியாது. என் யோசனை, வேலையை முதலில் தேர்ந்தெடுங்கள். ஒரே ஒரு வேலை. அது உங்கள் நூலகம் தனியாகச் செய்தால் பாதிதான் முடியும், நாலு பேர் சேர்ந்தால் முழுமையாகும் என்கிற வேலையாக இருக்க வேண்டும்.

பழைய இதழ்களின் கூட்டுப் பட்டியல் அப்படிப்பட்டது. சி. சு. செல்லப்பா 1959-ல் தொடங்கிய ‘எழுத்து’, நா. பார்த்தசாரதியின் ‘தீபம்’, டெல்லியில் 1965-ல் பிறந்த ‘கணையாழி’ போன்றவற்றின் முழுத் தொகுப்பு ஒரே இடத்தில் கிடைப்பது அபூர்வம். மாவட்ட மைய நூலகத்தில் இரண்டு ஆண்டுகள் பைண்டு செய்யப்பட்டிருக்கும். கிளை நூலகத்துக்கு யாரோ நன்கொடை கொடுத்த மூட்டையில் இருபது இதழ் கிடக்கும். கல்லூரி நூலகத்தில் நடுவில் ஓராண்டு. ஊரில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் வீட்டு அலமாரியில் மீதி. தனித்தனியே பார்த்தால் எல்லாம் உதிரி. சேர்த்துப் பார்த்தால் முழுத் தொகுப்பே தேறிவிடலாம். தேறுகிறதா இல்லையா என்பதைச் சொல்லத்தான் பட்டியல் வேண்டும். ஒரு மாவட்டத்தில் ஐந்து நூலகங்கள் இந்த வேலையில் இறங்குகின்றன என்று வைத்துக்கொண்டு மேலே போவோம்.

தாளைத் திறக்கும் முன்

இதற்கு கூகுள் ஷீட்ஸ் போதும். எல்லோருக்கும் ஏற்கெனவே கணக்கு இருக்கிறது, செல்பேசியிலும் திறக்கும், கற்றுக்கொடுக்க அரை மணி நேரம் ஆகும். இதைவிடச் சிறந்த மென்பொருள்கள் உண்டு. ஆனால் ஐந்து பேரில் ஒருவர் நுழைய முடியாமல் நின்றுவிட்டால் கூட்டு வேலை அந்த இடத்திலேயே படுத்துவிடும். எளிமைக்கு இங்கே தனி மதிப்பு.

முதல் விதி: ஒரு வரிசையில் ஓர் இதழ். கையில் எடுக்கக்கூடிய ஒரு பிரதிக்கு ஒரு வரிசை. “1970 ஜனவரி முதல் டிசம்பர் வரை, இடையில் சில இல்லை” என்று ஒரே கட்டத்தில் எழுதினால் மனிதருக்குப் புரியும், கணினிக்குப் புரியாது. பன்னிரண்டு இதழுக்குப் பன்னிரண்டு வரிசை போடச் சொன்னால் முணுமுணுப்பு வரத்தான் செய்யும். பொறுத்துக்கொள்ளுங்கள், பலன் கடைசியில் தெரியும்.

நெடுவரிசைகள் அதிகம் வேண்டாம். இதழின் பெயர், மாலை (தொகுதி எண்), மணி (இதழ் எண்), அட்டையில் அச்சாகியுள்ள தேதி, ஆண்டு, மாதம், எந்த நூலகம், அடுக்கில் எங்கே, சேர்க்கை எண், பிரதியின் நிலை, பதிந்தவர், குறிப்பு. இதில் நூலகத்தின் பெயரையும் பிரதியின் நிலையையும் யாரும் தட்டச்சு செய்யக் கூடாது. கீழிறங்கும் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி அமைத்துவிடுங்கள். நிலைக்கு நாலு சொல் போதும்: முழுமை, அட்டை இல்லை, பக்கம் குறைவு, தொட்டால் உதிரும். நூலகத்தில் வேலை பார்த்தவர்களுக்குக் கடைசிச் சொல்லின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது பலரும் கோட்டைவிடும் இடம். ஓர் எண்ணைக்கூட உள்ளிடும் முன்பு, ஆண்டு, மாதம் இரண்டைத் தவிர மற்ற எல்லா நெடுவரிசைகளையும் தேர்ந்தெடுத்து ‘வெறும் எழுத்து’ என்ற வடிவத்துக்கு மாற்றுங்கள். மாற்றாவிட்டால் என்ன ஆகும்? சேர்க்கை எண் 00417 என்று அடித்தால் தாள் அதை 417 ஆக்கிவிடும். மூன்றாம் மணியும் நான்காம் மணியும் சேர்ந்து வந்த இரட்டை இதழுக்கு 3-4 என்று அடித்தால் அது மார்ச் மாதத்திலோ ஏப்ரல் மாதத்திலோ ஒரு தேதியாகிவிடும். தேதியாக மாறிய பின் வடிவத்தை மாற்றினாலும் பழைய 3-4 திரும்ப வரும் என்று நம்ப முடியாது. புத்தகங்களுக்கும் இதே தாளைப் பயன்படுத்தினால் 13 இலக்க ஐஎஸ்பிஎன் எண்ணுக்கும் ஆபத்து உண்டு. கோப்பை எக்செல்லில் திறந்தால் அதைச் சுருக்கிப் புள்ளி வைத்துக் காட்டும்.

அனுமதி விஷயத்தில் கறாராக இருங்கள். ‘இணைப்பு உள்ள எவரும் திருத்தலாம்’ என்ற வசதியைத் தொடவே வேண்டாம். இணைப்பு எத்தனை குழுக்களுக்குப் போகும் என்று உங்களால் சொல்ல முடியாது. ஐந்து பேருக்கு மட்டும் திருத்தும் உரிமை, வாசகர்களுக்குப் பார்க்கும் உரிமை, விவரம் தெரிந்த பெரியவர் யாராவது இருந்தால் அவருக்குக் கருத்துச் சொல்லும் உரிமை. தலைப்பு வரிசையைப் பூட்டிவிடுங்கள். யாராவது தவறுதலாக எதையாவது அழித்துவிட்டால் பதற வேண்டாம், பதிப்பு வரலாற்றைத் திறந்தால் நேற்றைய தாள் அப்படியே இருக்கும்; எந்தக் கட்டத்தை யார் எப்போது மாற்றினார் என்றும் பார்க்கலாம். இந்த வசதியை ஆள் பிடிக்கப் பயன்படுத்தாதீர்கள். ஒருமுறை குழுவில் “இதை யார் மாத்தினது?” என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டுவிட்டால், பிறகு பாதிப் பேர் தாளைத் திறக்கவே தயங்குவார்கள்.

தன் நூலகத்தின் வரிசைகளை மட்டும் பார்க்க விரும்புகிறவர் சாதாரண வடிகட்டியைப் போட்டால் மற்ற நால்வருக்கும் தாள் மாறித் தெரியும். ‘எங்க பதிவெல்லாம் காணோம்’ என்ற அழைப்பு வருவது பெரும்பாலும் இதனால்தான். ‘வடிகட்டிப் பார்வை’ என்று தனியாக ஒன்று இருக்கிறது. அது பார்ப்பவருக்கு மட்டுமே.

கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு

தமிழில் கூட்டுப் பட்டியல் போடும்போது வரும் தொல்லைகளை ஆங்கிலத்தில் எழுதப்பட்ட எந்தக் கையேடும் சொல்லாது. அதனால் இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

‘கௌரி’ என்று ஒருவர் ஔகாரக் குறியோடு அடிக்கிறார். இன்னொருவர் ஒற்றைக்கொம்பு, க, பிறகு ள என்று மூன்றாக அடிக்கிறார். திரையில் இரண்டும் ஒன்று போலவே தெரியும். தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. சந்தேகம் வந்தால் சோதிக்க எளிய வழி: அந்த எழுத்துக்குப் பின்னால் சுட்டியை வைத்துப் பின்னழிப்பு விசையை ஒருமுறை தட்டுங்கள். வெறும் ‘க’ மிஞ்சினால் சரியாக அடித்திருக்கிறார்கள். ‘கெ’ மிஞ்சினால் ள போட்டிருக்கிறார்கள். காலுக்குப் பதில் ரகரம் அடிப்பதும் இதே வகை. எழுத்துணரி மென்பொருளிலிருந்து வந்த பட்டியல்களில் இது நிறைய.

ஸ்ரீ இன்னும் வேடிக்கை. யூனிகோடில் அதை இரண்டு விதமாக எழுத முடியும்: ஸகரத்தில் தொடங்கியும், ஶகரத்தில் தொடங்கியும். பல எழுத்துருக்களில் இரண்டுக்கும் ஒரே உருவம். 1921 முதல் வெளிவரும் ‘ஸ்ரீ ராமகிருஷ்ண விஜயம்’ பட்டியலில் இரண்டு வேறு இதழ்களாகப் பிரிந்து நிற்பதற்கு இதுவே போதும். இதற்கெல்லாம் ஒரே மருந்துதான்: இதழ்ப் பெயரையும் கீழிறங்கும் பட்டியலில் போட்டுவிடுவது. புதிய இதழ் வந்தால் ஒருவர் மட்டும் பெயரைச் சேர்ப்பார், மற்றவர்கள் தேர்ந்தெடுப்பார்கள். பெயருக்குப் பின் ஓர் இடைவெளி விட்டுப்போவது போன்ற சில்லறைத் தவறுகளும் இதில் அடிபட்டுப் போகும்.

உங்கள் நூலகத்தில் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த பட்டியல் இருந்தால் அப்படியே ஒட்டாதீர்கள். ஆங்கில எழுத்துக் குவியலாக வந்து விழும். எழுத்துரு மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிய பின் ஒகர ஓகார எழுத்துகளை மட்டுமாவது ஒருமுறை கண்ணோட்டமாகப் பாருங்கள், சறுக்கல் பெரும்பாலும் அங்கேதான்.

தேதிக்கு வருவோம். பழைய இதழ்களின் அட்டையில் ‘பிரமாதி வருஷம் ஆவணி மாதம்’ என்று மட்டும் இருக்கும். அட்டைத் தேதி என்ற நெடுவரிசையில் அதை எழுத்து மாறாமல் அப்படியே பதியுங்கள். பிறகுதான் ஆண்டு, மாதக் கணக்கு. அறுபதாண்டுச் சுற்றில் பிரபவ 1927 ஏப்ரலில் தொடங்கியது, மறுபடி 1987-ல் வந்தது. பிரபவவிலிருந்து எண்ணினால் பிரமாதி பதின்மூன்றாவது. ஆகவே 1939 அல்லது 1999. தாளையும் அச்சையும் பார்த்தாலே எது என்று தெரிந்துவிடும். ஆவணி ஆகஸ்ட் நடுவில் பிறக்கிறது, எனவே 1939, ஆகஸ்ட். அதே பிரமாதி வருஷத்தின் தை இதழ் என்றால் 1940, ஜனவரி. சித்திரை முதல் மார்கழி வரை ஓர் ஆங்கில ஆண்டு, தை முதல் பங்குனி வரை அடுத்த ஆண்டு. தமிழ் மாதம் எந்த ஆங்கில மாதத்தில் பிறக்கிறதோ அதையே எழுதுவது என்று ஐவரும் முன்கூட்டியே பேசி முடிவெடுங்கள். வேறு விதமாக முடிவெடுத்தாலும் குற்றமில்லை. ஐந்து பேரும் ஐந்து விதமாகச் செய்வதுதான் குற்றம். தீபாவளி மலர், பொங்கல் மலர் போன்றவற்றுக்கு மாதத்தில் எதையும் போடாமல் குறிப்பில் எழுதுவது நல்லது.

இந்த முடிவுகளையெல்லாம் தாளிலேயே ‘விதிகள்’ என்று இரண்டாவது பக்கம் போட்டு எழுதி வையுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் போனால் யாரும் படிக்க மாட்டார்கள்.

நானூறு ஐந்நூறு வரிசை சேர்ந்ததும் பிவட் டேபிள் போட்டுப் பாருங்கள். இடப்பக்கம் ஆண்டு, மேலே மாதம், கட்டங்களில் எத்தனை பிரதி. ‘தீபம்’ என்று வடிகட்டினால், எந்த மாதத்து இதழுக்குப் பல பிரதிகள் இருக்கின்றன, எதற்கு ஒரே பிரதிதான் இருக்கிறது, எது எங்குமே இல்லை என்பது ஒரே பார்வையில் தெரியும். ஒரு வரிசைக்கு ஓர் இதழ் என்று அடம்பிடித்தது இதற்காகத்தான். வெற்றுக் கட்டங்களைப் படமெடுத்து வாசகர் வட்டத்தில் காட்டுங்கள். “இந்த எட்டு இதழ்தான் இல்லை” என்று குறிப்பாகக் கேட்டால் பரண் ஏறிப் பார்க்க ஆள் வரும். பழைய இதழ் இருந்தால் கொடுங்கள் என்று பொதுவாகக் கேட்டால் வராது. ஒரே பிரதி என்று தெரிந்த இதழ்களை இரவல் கொடுக்காமல் நிறுத்தவும் இந்த அட்டவணைதான் ஆதாரம்.

பெயர்களும் பொருளடக்கமும்

இதழ்களின் பட்டியல் முடிந்ததும் அடுத்த ஆசை வரும்: உள்ளே யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்பதையும் பதியலாமே என்று. ஆசை நியாயமானது, அளவு தெரிந்து இறங்க வேண்டும். ஓர் இதழுக்குப் பதினைந்து தலைப்பு என்றாலும் வேலை பதினைந்து மடங்கு. ஒரே இதழில் தொடங்குங்கள்.

இதற்கு ஷீட்ஸைவிட ஸொட்டேரோ பொருத்தம். 2006 முதல் இருக்கும் இலவச மென்பொருள். குழு நூலகம் ஒன்றைத் தொடங்கிப் பலரும் சேர்ந்து பதியலாம். கோப்புகளுக்கு இலவச இடம் 300 எம்பிதான், ஆனால் வெறும் பதிவுகளுக்கு அந்த வரம்பு இல்லை. நமக்கு வேண்டியது பதிவுகள்தான்.

ஆசிரியர் பெயர் இங்கே பெரிய தலைவலி. புதுமைப்பித்தன் என்றும் சொ. விருத்தாசலம் என்றும், க. நா. சு. என்றும் மயன் என்றும், ந. பிச்சமூர்த்தி என்றும் பிக்ஷு என்றும் அட்டவணையில் ஆள் இரண்டாவார்கள். முன்னெழுத்துக்கு நடுவே புள்ளி வைப்பதா, இடம் விடுவதா என்பது தனிக் கச்சேரி. அச்சிலுள்ள பெயரை அப்படியே பதிந்து, பக்கத்தில் விக்கித்தரவு எண்ணையும் சேர்ப்பது எனக்குத் தெரிந்த நல்ல வழி. விக்கித்தரவில் ஓர் ஆளுக்கு ஓர் எண். எத்தனை புனைபெயர் இருந்தாலும் அதே எண்ணுக்குக் கீழே சேர்க்கலாம். ஒரு புனைபெயர் அங்கே விட்டுப்போயிருந்தால் நீங்களே சேர்க்கலாம், நம்பகமான நூல் ஒன்றைச் சான்றாகக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். அப்படிச் சேர்ப்பது உங்கள் ஐந்து நூலகத்தைத் தாண்டி உலகில் எங்கிருந்து தேடுபவருக்கும் பயன்படும்.

ஸ்கேன் செய்யும் எண்ணம் இருந்தால் இரண்டு விஷயம் பாருங்கள். ஏற்கெனவே யாராவது செய்திருக்கிறார்களா என்பது ஒன்று. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், இலங்கைத் தமிழ் வெளியீடுகளுக்கு 2005-ல் தொடங்கிய நூலகம் தளம் ஆகிய மூன்றிலும் தேடிவிட்டு வாருங்கள். மற்றது பதிப்புரிமை. இந்தியச் சட்டப்படி எழுதியவர் இறந்த பின் 60 ஆண்டு, அதுவும் அடுத்த ஜனவரியிலிருந்து கணக்கு. 1964-ல் மறைந்தவரின் எழுத்து 2025-ல்தான் பொதுவுக்கு வந்தது. ஓர் இதழில் பத்துப் பேர் எழுதியிருந்தால் பத்துப் பேருக்கும் தனித்தனியே பார்க்க வேண்டும், ஓவியருக்கும் சேர்த்து. 1972 ‘தீபம்’ இதழை இணையத்தில் ஏற்றுவது இப்போதைக்கு நடக்காது. நாட்டுடைமையான நூல்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவற்றில் பலவும் தமிழ் விக்கிமூலத்தில் மெய்ப்புக்காகக் காத்திருக்கின்றன. அங்கே சிவப்பாக இருக்கும் பக்கத்தை ஒருவர் அச்சுப்படத்தோடு ஒப்பிட்டுத் திருத்தினால் மஞ்சளாகும், இன்னொருவர் சரிபார்த்தால் பச்சையாகும். திருத்தியவரே பச்சையாக்க முடியாது. 1978-க்கு முந்தைய ‘லை’, ‘னை’, ‘றா’ வடிவங்களில் எழுத்துணரி தடுமாறும் இடங்களை அந்த எழுத்தில் படித்து வளர்ந்தவர்கள் சட்டென்று பிடித்துவிடுவார்கள். பகலில் நாளிதழ்ப் பகுதியில் உட்கார்ந்திருக்கும் ஓய்வுபெற்றவர்களில் இருவரைக் கேட்டுப் பாருங்கள்.

டிரெல்லோ, பேட்லெட் போன்றவை ஐந்து பேர் கொண்ட குழுவுக்கு அவசியமில்லை. மாதம் ஒரு காணொலிக் கூட்டம் போதும், அதையும் நாற்பது நிமிடத்துக்குள் முடியுங்கள்.

பட்டியல் நிலைபெற்ற பின் அதைக் கோஹா போன்ற முறையான நூலக மென்பொருளுக்குக் கொண்டுபோகலாம். நியூசிலாந்தின் ஹோரோவெனுவா நூலகத்தில் 2000 ஜனவரியில் ஓடத் தொடங்கிய கோஹாவைத் தமிழ்நாட்டுக் கல்லூரிகள் பலவும் பயன்படுத்துகின்றன. தாளை மார்க் (MARC) என்ற நூலகப் பதிவு வடிவத்துக்கு மாற்ற மார்க்எடிட் என்ற இலவச மென்பொருள் உண்டு. நெடுவரிசைகள் ஒழுங்காக இருந்தால் இது ஒருநாள் வேலை.

கணக்கு யார் பெயரில்?

வாசகரின் பெயர், செல்பேசி எண், முகவரி எதுவும் இந்தத் தாளில் ஏறக் கூடாது. “இந்த இதழைக் கேட்டவர்” என்று ஒரு நெடுவரிசை போடலாமே என்று யாராவது கேட்பார்கள். வேண்டாம். கேட்ட நூலகத்தின் பெயர் போதும். யார் என்ன படிக்கிறார் என்பது வெளியே போகக் கூடாது என்பது நம் தொழில் மரபு. 2023-ம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இப்போது இருக்கிறது.

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் இடம் நிரந்தரமல்ல. தமிழறிஞர்கள் ஆண்டுக்கணக்கில் விவாதித்த யாஹூ குழுமங்களின் மடல்கள் 2019 இறுதியில் தளத்திலிருந்து நீக்கப்பட்டன, அடுத்த ஆண்டு சேவையே மூடப்பட்டது. கூகுளும் 2 ஆண்டுகள் தொடப்படாத தனிநபர் கணக்குகளை நீக்கிவிடலாம் என்று விதி வைத்திருக்கிறது. எனவே மாதத்தின் முதல் வேலைநாளில் தாளை எக்செல் கோப்பாகவும் சிஎஸ்வி கோப்பாகவும் இறக்கி, இரண்டு நூலகங்களின் கணினிகளில் வையுங்கள். சிஎஸ்வி கோப்பை எக்செல்லில் இருமுறை சொடுக்கித் திறந்தால் தமிழ் சிதைந்து தெரியலாம், கோப்பு கெடவில்லை. ‘தரவு’ பகுதிக்குள் போய், யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்து உள்ளே இழுங்கள்.

தாள் ஒருவரின் சொந்த ஜிமெயிலில் பிறந்திருந்தால், அவர் மாற்றலாகும்போதோ ஓய்வுபெறும்போதோ சிக்கல்தான். நூலகத்தின் பெயரில் ஒரு கணக்கு தொடங்கித் தாளின் உரிமையை அதற்கு மாற்றுங்கள். மீட்பு எண்ணாக ஒருவருடைய தனிப்பட்ட செல்பேசி எண் மட்டும் இருக்க வேண்டாம். அலுவலக எண் ஒன்றும் இருக்கட்டும். பொறுப்பு ஒப்படைக்கும்போது நாற்காலி, மேசை, ரசீதுப் புத்தகம், சாவி என்று எழுதிக் கையெழுத்து வாங்குகிறோம் அல்லவா, அந்தப் பட்டியலிலேயே கணக்கின் பெயரையும், கடவுச்சொல் இருக்கும் உறையையும், தாளின் முகவரியையும் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள். புதிதாக வருபவர் உங்கள் எதிரிலேயே ஒருமுறை உள்ளே நுழைந்து பார்த்த பின் கையெழுத்துப் போடட்டும்.